அறுபது புளியங்கொட்டையும் ஒரு போகிமானும்: தக்கலைக் கடையில் செய்துபார்த்தது

கடை மேஜையின் கீழ்த்தட்டில் பதினைந்து வருடமாகக் கிடந்த கேம் பாய் கலர் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் வெளியே எடுத்தேன். சித்தப்பா குவைத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. உள்ளே, பிராணிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டை விடும் போகிமான் தொடரின் கோல்ட் கேசட் இருந்தது. இரண்டு டபுள் ஏ பேட்டரி போட்டதும் படம் வந்தது, ஆனால் சேவ் நிற்கவில்லை. அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

இந்தக் கோளாறுக்குக் காரணம் ஒன்றுதான். கேசட்டுக்குள் சிஆர் 2025 என்ற பொத்தான் பேட்டரி இருக்கிறது. சேவைக் காப்பாற்றுவது அதுதான், உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டுவதும் அதுதான். கடிகாரம் இரவும் பகலும் கரண்டை உறிஞ்சுவதால் கடிகாரம் இல்லாத பழைய கேசட்டுகளைவிட இவை சீக்கிரம் செத்துப்போகும். கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனித் திருப்புளி வேண்டும், சாதாரணத் திருப்புளி பிடிக்காது. என்னிடம் அது இல்லை. பழைய பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் முனையைச் சூடாக்கி, ஸ்க்ரூ மேல் அழுத்தி, ஆறவிட்டுத் திருகினேன். இரண்டாவது முயற்சியில் கழன்றது. மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 0.4 காட்டியது. புதிய பேட்டரியை நேராகச் சால்டர் செய்யக் கூடாது, சூட்டில் வெடிக்க வாய்ப்பு உண்டு. தகடு ஒட்டியே வரும் பேட்டரியைத் தேடி வாங்கி, கூட்டல் கழித்தல் பார்த்து வைத்தேன். பத்து நிமிட வேலை.

அன்று சாயங்காலம் அக்கா மகன் கடைக்கு வந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். புது ஆட்டம் தொடங்கியதும் அது நேரம் கேட்டது. ஏழு மணி என்று வைத்தான், திரையில் ஊர் இருட்டியது. புல்லுக்குள் நடந்தபோது ஹூட்ஹூட் என்ற ஆந்தை வந்தது. "இது ராத்திரி மட்டும்தான் வரும், காலையில தேடினா கிடைக்காது" என்றேன். அவன் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அப்போ இது எங்கயோ தூங்கிட்டு இருக்குமா மாமா?" என்று கேட்டான். நாங்களே ஒரு பிராணி ஆட்டம் செய்துபார்த்த இந்த வேலைக்கு அந்தக் கேள்விதான் தொடக்கம்.

கோல்ட், சில்வர் இரண்டும் ஜப்பானில் 1999 நவம்பரில் வந்தவை. காலை 4 முதல் 10 வரை ஒரு பொழுது, 10 முதல் மாலை 6 வரை பகல், மற்றதெல்லாம் இரவு. லாப்ரஸ் என்ற ஒன்று வெள்ளிக்கிழமை மட்டும் குகைக்குள் இருக்கும். அடுத்த தலைமுறையாக 2002ல் வந்த ரூபி, சஃபையரில் கடிகாரம் இருந்தது, ஆனால் திரையில் இரவு இல்லை. பின்னால் இரவு திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு பிராணிக்கு ஊரும் நேரமும் உண்டு என்கிற எண்ணம் இந்தத் தொடரின் நடுவில் உட்காரவே இல்லை என்பது என் கருத்து. நடுவில் உட்கார்ந்திருப்பது லெவல், அதாவது சண்டை போடப் போட பிராணிக்கு ஏறுகிற எண்.

லெவல் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதை அடியின் கணக்கிலேயே பார்க்கலாம். லெவலை இரண்டால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, இரண்டைக் கூட்டுகிறார்கள். வருகிற எண்ணோடுதான் தாக்குதலின் பலம் பெருக்கப்படுகிறது. லெவல் 5 என்றால் அந்த எண் 4. லெவல் 50க்கு 22, லெவல் 100க்கு 42. நெருப்புக்கு நீர், நீருக்குப் புல் என்று 18 வகை வைத்து, ஒன்றுக்கொன்று 324 உறவுகள் கொண்ட அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு வகை இன்னொன்றுக்கு எதிராக வலுவாக இருந்தால் கிடைப்பது இரண்டு மடங்குதான். லெவல் அதைச் சுலபமாக விழுங்கிவிடும். அக்கா மகன் கூட்டாளியின் அண்ணனிடம் ஸ்விட்ச் என்ற புதிய விளையாட்டுக் கருவி இருக்கிறது, அதில் 2022ல் வந்த போகிமான் ஸ்கார்லெட்டை இவர்கள் ஆடுகிறார்கள். முதலில் கிடைத்த ஒன்றை மட்டும் வளர்த்து, அதைக் கொண்டே எல்லாரையும் அடித்துத் தள்ளுகிறார்கள். இன்று 1025 பிராணிகள் இருக்கிற தொடரில் அவர்கள் ஒன்றைத்தான் பழகியிருக்கிறார்கள்.

பிடிக்கும் கணக்கும் எனக்கு உறுத்தும். பிராணி முழு உயிரோடு இருந்தால் பிடிபடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும், சாகக் கிடந்தால் முழுமைக்கு அருகில் வரும். அப்படியானால் அடித்துக் குற்றுயிராக்கியவனுக்குத்தான் அது கூட்டாளி ஆகும். இதை மாற்றும் முயற்சி 2022 ஜனவரியில் வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸில் இருந்தது. புல்லில் பதுங்கி, பின்னாலிருந்து பந்தை எறிந்தால் சண்டையே இல்லாமல் பிடிக்கலாம். அந்த ஆட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தத் தொடரை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். பூச்சியை அடித்து யாரும் பிடிப்பதில்லை. எந்த மரத்தில், எந்த நேரத்தில் வரும் என்று தெரிந்துவைத்துப் பிடிப்பார்கள்.

சரி, நாமே மாற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். போகிமானின் பிராணி எதையும் எடுக்கக் கூடாது, பெயர், படம், ஊர் எல்லாம் சொந்தம் என்பது முதல் நிபந்தனை. இரண்டாவது, லெவல் கிடையாது. மூன்றாவது, அடித்துப் பிடிப்பது கிடையாது.

வகைகளுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது பள்ளிக்கூடத்தில் படித்த திணைதான் முன்னால் வந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. கீரிப்பாறை, கோதையாறு குறிஞ்சி. மலையடிவாரக் காடும் மேய்ச்சலும் முல்லை. தேரூர், சுசீந்திரம் பக்கத்து நாஞ்சில் வயல் மருதம். குளச்சல், முட்டம், மணக்குடி நெய்தல். பஸ்ஸில் போனால் ஒரே பகலில் நான்கையும் பார்த்துவிடலாம். அப்புறம், திணையோடு பொழுதும் சேர்ந்தே வருகிறது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு. ஒரு நாளுக்கு ஆறு சிறுபொழுது, ஒவ்வொன்றும் பத்து நாழிகை, மொத்தம் அறுபது. கோல்டில் இருந்த மூன்று பொழுதைவிட இது எவ்வளவோ நேர்த்தியான கடிகாரம். ஆட்டத்துக்கு என்றே செய்துவைத்த மாதிரி இருந்தது.

பாலைதான் இடித்தது. இங்கே பாலைவனம் எங்கே இருக்கிறது? ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பாலை ஆக்கலாம் என்று முதலில் நினைத்தேன், காற்றாலை நிற்கிற அந்த வெட்டவெளி மனதில் இருந்தது. பிறகு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். தொல்காப்பியம் நிலமாகச் சொல்வது நான்கைத்தான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பாலைக்கு வரைபடத்தில் ஓர் இடம் தேட வேண்டாம். அது ஒரு நிலத்துக்கு வரும் நிலைமை. மாசி, பங்குனி வந்தால் முல்லை அட்டையையும் குறிஞ்சி அட்டையையும் திருப்பிப் போட வேண்டும், பின்பக்கம் பாலை. நூலில் ஆனி, ஆடி முதுவேனில் என்று இருக்கிறது, ஆனால் நமக்கு அது தென்மேற்குப் பருவமழை. அதனால் பாலைக்குப் பின்பனியின் மாசி, பங்குனியை மட்டும் எடுத்துக்கொண்டேன், அதுவும் பாலைக்கு உரிய காலம்தான்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் காகிதத்தில் ஆடிப் பார்த்தோம். இதை யாருக்கும் பரிந்துரைப்பேன், ஒரு விதியை மாற்ற ரப்பர் போதும். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி நான்கு நிலம் செய்தோம். கிராஃப் நோட்டில் 32க்கு 32 கட்டம் போட்டுப் பிள்ளைகள் பிராணி வரைந்தார்கள். ஒரு நாழிகைக்கு ஒரு புளியங்கொட்டை, ஒவ்வொருவருக்கும் அறுபது. பக்கத்து நிலத்துக்கு நடந்தால் ஐந்து கொட்டை, ஓர் இடத்தில் இருந்து கவனித்தால் இரண்டு. பிராணி எங்கே இருக்கிறது, எப்போது வருகிறது, என்ன தின்கிறது என்று மூன்று குறிப்பு சேர்ந்தால் அது கூட்டாளி. சண்டைக்கு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை ஒரு பலம், சொந்த நிலத்தில் நின்றால் 2 கூடுதல், சொந்தப் பொழுதில் 3 கூடுதல், அதன் மேல் ஒரு தாயக்கட்டை.

முதல் ஆட்டம் படுத்துவிட்டது. எல்லாரும் ஒரே நிலத்தில் உட்கார்ந்து, கொட்டையைச் செலவு செய்து, பொழுது வரும்வரை காத்திருந்தார்கள். குளச்சலிலிருந்து வந்த, அக்கா மகனின் கூட்டாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். "மாமா, பாத்துகிட்டே இருக்கதுல என்ன வெளையாட்டு இருக்கு?" என்று கேட்டான். அவன் சொன்னது சரி. நானே இரண்டு தடவை கொட்டாவி விட்டிருந்தேன்.

மூன்று நாள் யோசித்துத் தீர்வு வந்தது. தனித்தனி அறுபதை எடுத்துவிட்டு, நடுவில் ஒரே குவியல் வைத்தேன். யார் செலவு செய்தாலும் எல்லாருக்கும் பொழுது நகரும். நான் நெய்தலுக்கு நடந்தால் ஐந்து நாழிகை போகிறது, யாமத்துக்காக மலையில் பதுங்கியிருக்கிற உன் வாய்ப்பும் அதோடு போகிறது. ஒரே ஒரு மாற்றம், ஆட்டம் மொத்தமும் உயிர் பெற்றது. "லே, நடக்காத, இன்னும் ரெண்டு நாழிகை இருக்கு" என்று கெஞ்சவும் பேரம் பேசவும் தொடங்கினார்கள். பேரத்துக்குக் கொல்லாங்கொட்டையை அவர்களே காசாக்கிக்கொண்டார்கள், நான் சொல்லவில்லை. பலம் 1 உள்ள தவளை தன் வயலில், தன் வைகறையில், பலம் 5 உள்ள மலைப்பிராணியை வென்றபோது எழுந்த கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிராணிகளின் வித்தைகளை எங்கிருந்து எடுப்பது? போகிமானில் ஒன்றுக்கு நான்கு வித்தை. எங்களுக்கு ஒன்று போதும், ஆனால் அது நேரில் பார்த்ததாக இருக்க வேண்டும். அதற்காகத் தேரூர் குளத்துக்குப் போனோம். சுசீந்திரம், தேரூர் ஈரநிலம் 2022ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பறவை பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்த இடம். இருட்டு விலகும் முன் கரையில் நின்றோம். பாம்புத்தாரா ஒன்று முங்கி எழுந்து, பட்டுப்போன கிளையில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்து அசையாமல் நின்றது. அதன் சிறகு நீரை உறிஞ்சிவிடும். ஆழத்தில் நீந்த அது நல்லது, வெளியே வந்தால் காயப்போட வேண்டும். அக்கா மகன் அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டான்: முங்கினால் இரண்டு தடவை அடி, ஆனால் அடுத்த முறை காய வேண்டும். நீலத்தாழைக்கோழி நீண்ட விரல்களை விரித்து நீர்ச்செடிகளின் மேலேயே நடந்து போனது. அந்த அட்டைக்கு மருதத்துக்குள் நடக்க நாழிகைச் செலவு கிடையாது. நான் மேஜையில் உட்கார்ந்து ஒரு மாதம் யோசித்தாலும் இப்படிப்பட்ட விதி வந்திருக்காது.

இந்தப் பயணத்துக்கு அக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். "புள்ளைய நாலு மணிக்கே எழுப்பி விட்டுருக்கியே, அவன் கிளாசுல தூங்கி விழமாட்டானா?" என்றாள். அது ஆட்டத்தின் பெரிய குறையையும் காட்டிவிட்டது. கம்ப்யூட்டர் பதிப்பில் உண்மையான கடிகாரத்தை வைக்கத்தான் முதலில் திட்டம், பேட்டரி மாற்றிய நாளிலிருந்து அந்த ஆசை. ஆனால் வைகறை என்பது அதிகாலை 2 முதல் 6, யாமம் இரவு 10 முதல் 2. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் குறிஞ்சியும் மருதமும் கிடைக்கவே கிடைக்காது. மாலையில் மட்டும் ஆடினால் முல்லைதான். வருத்தத்தோடுதான் அந்தத் திட்டத்தை விட்டேன். இப்போது திரையிலும் காகிதத்தைப் போலவே செலவு செய்தால்தான் நாழிகை நகரும். இரண்டு பேர் ஒரே லேப்டாப்பில் மாறி மாறி ஆடுவார்கள், குவியல் பொது.

கம்ப்யூட்டர் பதிப்பை, ஆட்டம் செய்யும் மென்பொருளான கோடோ 4ல் எழுதினேன். பழைய கேம் பாயின் 160க்கு 144 புள்ளித் திரையில் செய்ய ஆசைப்பட்டேன், ஆனால் தமிழ் அங்கே அடங்காது. ஆங்கில எழுத்து 8க்கு 8 கட்டத்தில் நிற்கும். ணை, ஞூ போன்றவற்றை அந்தக் கட்டத்தில் அடைத்தால் பூச்சி மாதிரி தெரிகிறது. 320க்கு 180 புள்ளி எடுத்துக்கொண்டேன், ஆறு மடங்கு பெருக்கினால் 1920க்கு 1080 திரைக்குச் சரியாகப் பொருந்தும். கோடோ 3ல் தமிழ் எழுத்துகள் ஒன்று சேராமல் கொம்பு தனியாக நிற்கும், 4ல் அந்தத் தொல்லை இல்லை.

வேறு ஒரு தொல்லை இருந்தது. இந்த வகை ஆட்டங்களில் பேச்சு எழுத்தெழுத்தாகத் திரையில் வரும். அப்படி வைத்ததும் "கொக்கு" என்ற சொல்லில் முதலில் க வந்தது, பிறகு அது கொ ஆகத் துள்ளியது, அடுத்து க, அதன் மேல் புள்ளி குதித்தது. வரி முழுக்க நடுங்கியது. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் க போன்ற எழுத்து ஒரு எண், அதன் கொம்போ காலோ புள்ளியோ தனி எண். கோடோ ஒவ்வொரு எண்ணையும் ஓர் எழுத்தாக எண்ணுகிறது. சரிசெய்ய ஒரு சின்னச் செயலி எழுதினேன்: அடுத்து வரும் எண் 3006 முதல் 3021க்குள் இருந்தால், அல்லது 3031 ஆக இருந்தால், அதை முந்தைய எழுத்தோடு ஒட்டு. அவ்வளவுதான், பத்து வரி. கொக்கு இப்போது கொ, க், கு என்று மூன்றாகவே வருகிறது. இதைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று வேறு வேலை ஓடவில்லை.

கைமாற்றத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. 1996 பிப்ரவரி 27ல் ரெட், கிரீன் என்று இரண்டு கேசட்டாகத் தொடர் ஆரம்பித்ததற்குக் காரணமே கைமாற்றம்தான். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும், இரண்டு கேம் பாயை ஒயரால் இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணம் அருமை. ஆனால் அதற்காக ஒரே ஆட்டத்தை இரண்டாக விற்பது எனக்குச் சம்மதமில்லை. எங்கள் ஆட்டத்தில் தொடக்கத்தில் வீடு எந்த நிலத்தில் என்று கேட்கும். குளச்சல் பையனுக்கு நெய்தல் பிராணிகள் எளிது, மலைப்பிராணி கிடைப்பது அரிது. மாற்றிக்கொள்ள ஒயர் வேண்டாம், போனில் சொல்லக்கூடிய நான்கு எழுத்து போதும்.

எழுத்துகளைத் தேர்ந்தெடுத்த கதை இது. உயிர்மெய் 216. போனில் சொல்லும்போது ல, ள, ழ குழம்பும், ர, ற குழம்பும், ந, ன, ண குழம்பும். ங, ஞ யாரும் சொல்லிப் பழகவில்லை. அதெல்லாம் போக க, ச, ட, த, ந, ப, ம, ய, ர, ல, வ என்று 11 மெய் மிஞ்சின. குறில் நெடில் குழம்பாமல் ஆ, இ, ஊ, ஏ, ஐ, ஓ என்று ஆறு உயிர். பெருக்கினால் 66. இரண்டை விட்டுவிட்டால் 64, அதாவது ஓர் எழுத்தில் சரியாக 6 பிட் (0 அல்லது 1 என்ற ஆறு இடங்கள்). நான்கு எழுத்தில் 24. எந்தப் பிராணி என்பதற்கு 6 பிட், கண்ட நிலத்துக்கு 2, பொழுதுக்கு 3, கொடுத்தவருக்கு 7. மீதி 6 பிட், அதாவது கடைசி எழுத்து, சரிபார்க்க.

முதலில் சரிபார்ப்பு எழுத்தை வெறும் கூட்டலாக வைத்திருந்தேன். ஒருநாள் கூட்டாளி இரண்டு எழுத்தை இடம் மாற்றிச் சொல்லிவிட்டான், கூட்டல் மாறாததால் ஆட்டம் ஏற்றுக்கொண்டு தவளைக்குப் பதில் வேறொன்றைக் கொடுத்தது. இப்போது முதல் எழுத்தை 1ஆலும் இரண்டாவதை 3ஆலும் மூன்றாவதை 5ஆலும் பெருக்கிக் கூட்டி, 64ஆல் வகுத்த மீதியை எடுக்கிறேன். ஓர் எழுத்து தவறினால் நிச்சயம் பிடிபடும். அடுத்தடுத்த எழுத்து இடம் மாறினால், அவற்றின் எண்களுக்கு இடையே வித்தியாசம் சரியாக 32 ஆக இருந்தால் ஒழிய, அதுவும் பிடிபடும். பிள்ளைகளுக்கு இந்த எழுத்துகள் மந்திரம் மாதிரி ஆகிவிட்டன. "மாகோடிகை வந்துதா?" என்று வாசலில் நின்று கத்துகிறார்கள்.

விட்டுப்போன உண்மைக் கடிகாரத்துக்குப் பதில் இன்னொன்றைச் சேர்த்தோம். யாராவது ஒரு பிராணியை நேரில் பார்த்து, எங்கே, எப்போது, என்ன செய்தது என்று நோட்டில் எழுதிக் காட்டினால் நான் ஒரு நான்கெழுத்து எழுதித் தருவேன். பாம்புத்தாராவுக்கு முதல் நான்கெழுத்து அப்படித்தான் போனது.

இதுவரை 24 பிராணி வரைந்து முடிந்திருக்கிறது, நிலத்துக்கு ஆறு. போன ஞாயிற்றுக்கிழமை 25ஆவதில் சண்டை வந்துவிட்டது. மயில். பாடப்புத்தகத்தில் மயில் குறிஞ்சிப் பறவை, அதனால் குறிஞ்சி அட்டையில் வரைந்துவைத்திருந்தேன். அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "தேரூர் போற வழியில வயல்லதான மாமா நின்னுது, நீங்களும் பாத்தீங்கல்லா?" என்றான். பார்த்தேன். நெல்லுக்குள் மூன்று நின்றன. குளச்சல் பையன் அவர்கள் வீட்டுத் தென்னந்தோப்பிலும் வருகிறது என்றான், அப்படியானால் நெய்தலிலும் உண்டு. அரைமணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் நான்கெழுத்தில் நிலத்துக்கு ஒதுக்கிய 2 பிட் நினைவுக்கு வந்தது. அதுவரை அது யார் எங்கே பார்த்தார் என்ற குறிப்புக்காக மட்டும் இருந்தது, ஆட்டத்தில் வேலை செய்யவில்லை. மயிலுக்கு அதையே சொந்த நிலமாக ஆக்கிவிட்டேன். வயலில் பார்த்தவனுக்கு அது மருதத்தில் 2 கூடுதல் பெறும், மலையில் பார்த்தவனுக்குக் குறிஞ்சியில். அட்டையில் நிலம் என்று அச்சிட்டிருக்கும் இடத்தைக் காலியாக விட்டு, பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொல்லி மூன்று பிரதி வெட்டிக் கொடுத்தேன்.